பட்டாணி அணிலின் கடைசி வரி

அணிலின் வாய் மறுபடியும் பேச்சுக்குப் பின்தங்கியது. "வணக்கம் குட்டீஸ்!" என்று குரல் சொல்லி முடித்த பிறகுதான் உதடு மெல்லப் பிரிந்தது. போட்டோக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கணினித் திரையை முறைத்தார்.

"மாமா, பட்டாணிக்குப் பல்லு வலியா?" என்று கேட்டாள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாலு.

"பல்லு வலி இல்ல கண்ணு, சோம்பேறித்தனம். ஓசியில வேலை பாக்கறவன் இப்படித்தான் பாப்பான்."

வாலு அவருடைய தங்கை மகள். ஐந்து வயது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. செய்கிற சேட்டைக்கு வீடே வைத்த பெயர் இது. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் அவள் பகலெல்லாம் மாமாவின் ஸ்டூடியோவில்தான் இருந்தாள். தங்கை துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். தங்கை கணவர் லாரி ஓட்டுகிறவர். எந்த நேரம் எந்த ரோட்டில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே காலையில் மகளை அண்ணனிடம் இறக்கிவிட்டு, சாயங்காலம் வந்து அழைத்துப் போவாள்.

ஸ்டூடியோவில் கூட்டம் அலைமோதிய காலமெல்லாம் போய்விட்டது. ஆளுக்கொரு செல்போன் வந்தபிறகு யார் வந்து படம் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்? விண்ணப்பத்தில் ஒட்டுவதற்கு முகம் மட்டும் தெரிகிற படம் எடுக்க எப்போதாவது ஓர் ஆள் வருவார். மற்ற நேரமெல்லாம் போட்டோக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் பேசும் பொம்மைகள் செய்கிற வித்தை அவர் கண்ணில் பட்டது.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. ஒரு தளத்தில் "சிவப்புச் சட்டை போட்ட அணில், பெரிய கண், சிரித்த முகம்" என்று எழுதிக் கொடுத்தால் படம் வரும். இன்னொரு தளத்தில் வசனத்தைக் கொடுத்தால் கீச்சுக் குரலில் பேசிக் கொடுக்கும். மூன்றாவது தளம் அந்தக் குரலைக் கொண்டுபோய் அந்தப் படத்தின் வாயில் வைக்கும். வசனம் எழுதக்கூட ஆள் வேண்டாம். அதற்கும் ஒரு செயற்கை நுண்ணறிவு இருந்தது. எல்லாமே இலவசம். இலவசம் என்பதற்கு அடையாளமாக அந்த மூன்றாவது தளம் படத்தின் மூலையில் தன் முத்திரையைக் குத்தி அனுப்பும். அதன்மேல் இவர் ஒரு காளானை ஒட்டி மறைத்துவிடுவார். அதனால் பட்டாணி அணில் காட்டுக்குப் போனாலும் கடலுக்குப் போனாலும் அதே மூலையில் ஒரு காளான் முளைத்திருக்கும்.

இலவசம் என்றால் அளவும் உண்டல்லவா? ஒரு நாளைக்கு இத்தனை படம்தான், ஒரு படம் அரை நிமிடம்தான் என்று தளம் கறாராக இருந்தது. போட்டோக்காரர் லேசுப்பட்டவரா என்ன? தன் பெயரில் ஒரு கணக்கு, தங்கை பெயரில் ஒன்று, வாலு பெயரில் ஒன்று என்று தொடங்கி வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத வயதிலேயே வாலுவுக்கு மின்னஞ்சல் முகவரி இருந்தது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல நமக்கு வாய் வராது. பல் துலக்குங்கள், கை கழுவுங்கள், பொய் சொல்லாதீர்கள் என்று நல்லதைத்தான் பட்டாணியைச் சொல்லவைத்தார். ஆனால் நல்லதைச் சொன்னால் யார் பார்க்கிறார்கள்? பார்த்தவர்களில் பாதி அவருடைய உறவுக்காரர்கள். அப்புறம்தான் அந்த மருந்துப் படம் வந்தது.

மருந்து என்றால் அழுது ஊரைக் கூட்டுகிற குழந்தைகளுக்காகச் செய்த படம் அது. பட்டாணி ஒரு டப்பாவைத் திறந்து, மாத்திரையைக் கையில் எடுத்து, "எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு! முழுங்கினா பலம்!" என்று கூவிக்கொண்டு மரத்தின் உச்சிக்கே தாவும். வசனத்தை எழுதிக் கொடுத்த செயற்கை நுண்ணறிவு, கடைசியில் ஒரு வரியையும் சேர்த்திருந்தது: "ஆனா, அம்மா அப்பா கையால கொடுத்தா மட்டும்தான் சாப்பிடணும். தானா எடுக்கவே கூடாது." எந்திரத்துக்கு இருந்த அந்தப் புத்தி மனிதருக்கு இல்லாமல் போயிற்று. வசனம் அரை நிமிடத்தைத் தாண்டியது. எதையாவது வெட்டியாக வேண்டும். அந்தக் கடைசி வரியை அவர் வெட்டினார். வெட்டியதில் கொஞ்சம் இடம் மிஞ்சவே, "உங்க ரகசியத்தையெல்லாம் அம்மாகிட்டகூட சொல்லாதீங்க, இந்தப் பட்டாணிகிட்ட மட்டும் சொல்லுங்க!" என்று தானே ஒரு வரியை எழுதிச் சேர்த்தார். அப்போதுதானே கீழே கருத்துகள் குவியும்!

எழுத்துப்பிழை பார்ப்பது தங்கையின் வேலை. முதலில் வந்த வசனத்தை அவள் படித்துக் கொடுத்திருந்தாள். படம் வெளியான அன்றே கேட்டாள்: "அண்ணா, கடைசியில ஒரு வரி இருந்துச்சே?"

"நீளமாயிடுச்சும்மா. ஓசியில அவ்வளவுதான் தருவான்."

"அது முக்கியமான வரியாச்சே?"

"அட, குழந்தைங்க கைக்கு யாரு மருந்தை எட்ட வைக்கப்போறாங்க? நீ வேற!"

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. என் மகன் இப்போது அழாமல் மருந்து சாப்பிடுகிறான் என்று எங்கெங்கோ இருந்து தாய்மார்கள் எழுதினார்கள். போட்டோக்காரர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார்.

வாலுவோ பட்டாணிக்கு உயிரையே கொடுப்பாள். "பட்டாணி எங்க மாமா தூங்கும்?" என்று ஒருநாள் கேட்டபோது, மேசைக்கடியில் இருந்த பழைய கணினிப் பெட்டியைக் காட்டி, "இதுக்குள்ளதான்" என்றார் விளையாட்டாக. சிடி வைக்கிற தட்டு பொத்தானை அமுக்கியதும் நாக்கு மாதிரி வெளியே வந்தது. "இதோ பார், அதோட வாய்!" அவள் கண் அகல விரிந்ததைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்று பட்டாணியை நடனம் ஆடவைக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. ஆடவைத்தால் வாய் பிந்தியது, வாயைச் சரிசெய்தால் வால் இரண்டாக முளைத்தது. மறுபடி மறுபடி செய்து பார்த்ததில் மூன்று கணக்கிலும் அன்றைய அளவு தீர்ந்துபோனது. அந்த நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு கணவனும் மனைவியும் படம் எடுக்க வந்தார்கள்.

"வாலு, மாமா உள்ள போய்ப் படம் எடுத்துட்டு வந்துடறேன். சமத்தா பட்டாணி பாத்துட்டு இரு" என்று, பழைய படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு உள்ளறைக்குப் போனார்.

கைக்குழந்தை நேரே பார்ப்பேனா என்றது. கிலுகிலுப்பை ஆட்டினால் அதைப் பிடுங்கியது. விளக்கைப் போட்டால் வீறிட்டது. வெளியறையிலிருந்து பட்டாணியின் கீச்சுக் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததால் போட்டோக்காரர் நிம்மதியாக இருந்தார். பட்டாணி பார்த்துக்கொள்கிறது என்கிற நிம்மதி.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடி, ஒருவழியாகப் படம் எடுத்து முடித்து வெளியே வந்தபோது, வாலு மேசைமேல் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்றே நினைத்தார். தலையைத் தடவியபோது கை நனைந்தது. அவ்வளவு வியர்வை. "வாலு... கண்ணு..." என்று உலுக்கினார். இமை பாதி திறந்து, திரும்ப மூடிக்கொண்டது.

அப்போதுதான் தரையில் கிடந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. இரண்டுக்குமான மாத்திரை அட்டைகளை அந்தப் பழைய டப்பாவில்தான் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருப்பார். ரத்த அழுத்த மாத்திரை அட்டை முழுக்கக் காலி. இன்னொன்று பாதி காலி. திரையில் பட்டாணி, "முழுங்கினா பலம்!" என்று மரத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது.

"ஐயோ!" என்று போட்ட சத்தத்தில் படம் எடுக்க வந்தவர் ஓடிவந்து, வாலுவைத் தூக்கித் தன் காரில் போட்டார். ஸ்டூடியோவைப் பூட்டவும் தோன்றாமல் போட்டோக்காரர் ஏறி உட்கார்ந்தார். மடியில் வாலுவின் தலை பாரமாகச் சாய்ந்து கிடந்தது.

மருத்துவமனையில் அவளைப் படுக்கவைத்து ஊசி குத்திக் குழாய் மாட்டினார்கள். மருத்துவர் ஓர் அம்மாள். பேச்சில் வளவளப்பு இல்லாதவர். போட்டோக்காரர் கையோடு கொண்டுவந்த அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சர்க்கரை மாத்திரைக்குக் குளுக்கோஸ் ஏத்திட்டோம். அதைச் சமாளிச்சுடலாம். என் பயம் இந்தப் பிரஷர் மாத்திரைதான். அட்டை முழுக்க உள்ள போயிருந்தா இங்க வச்சுப் பாக்க வசதி இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆனா இப்ப இருக்கற நாடிக்கு வண்டியில ஏத்தறதே ஆபத்து. வழியில என்ன வேணா ஆகலாம். எத்தனை முழுங்கினா?"

"தெரியலைங்க..."

"அட்டையில மொதல்ல எத்தனை இருந்துச்சு?"

"புது அட்டைங்க. இன்னும் பிரிக்கவே இல்ல."

மருத்துவர் முகம் இறுகியது. "குழந்தைகூட நீங்கதானே இருந்தீங்க?"

அதற்குள் சேதி கேட்டுத் தங்கை துணிக்கடைச் சீருடையோடு ஓடிவந்தாள். அண்ணனைப் பார்க்கக்கூட இல்லை. "என் கண்ணே, என் ராசாத்தி" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். குளுக்கோஸ் கொஞ்சம் உள்ளே போனதும் வாலு கண் விழித்தாள். நெஞ்சில் ஒட்டியிருந்த கம்பிகளைப் பார்த்து மிரண்டாள்.

"கண்ணு, எத்தனை மாத்திரை சாப்பிட்ட? டாக்டர் ஆன்ட்டிகிட்ட சொல்லு" என்றார் மருத்துவர்.

வாலு வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"சொல்லுடி தங்கம்! அம்மா அடிக்கவே மாட்டேன். சொல்லு!"

தலையை இல்லை என்று ஆட்டினாள். உதடு வறண்டிருந்தது. மெதுவாகச் சொன்னாள்: "பட்டாணிகிட்ட மட்டும்தான் சொல்லுவேன். அம்மாகிட்டகூடச் சொல்லக் கூடாது. பட்டாணி சொல்லியிருக்கு."

தங்கை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"செல்லுல வரவழைக்கிறேன். இதோ, ஒரே நிமிஷம்" என்று உளறிக்கொண்டே தளத்தைத் திறந்தார். வசனம் அடித்தார்: வாலு, எத்தனை மாத்திரை சாப்பிட்ட, பட்டாணிகிட்ட சொல்லு. பொத்தானை அமுக்கினார். உங்கள் இன்றைய இலவச அளவு முடிந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று திரை மரியாதையாகச் சொல்லியது. தங்கை பெயரில் நுழைந்தார். நாளை வாருங்கள். வாலு பெயரில் நுழைந்தார். நாளை வாருங்கள். காலையில் நடனம் ஆடித் தீர்த்திருந்தது பட்டாணி. நாளைக்கு இந்தக் குழந்தை இருப்பாளா என்று அந்தத் தளத்திடம் யார் கேட்பது?

"சார், நேரம் போகுது. நாடி இறங்கிட்டே இருக்கு" என்றார் மருத்துவர். "இன்னும் கொஞ்ச நேரத்துல நான் ஏதாவது ஒரு முடிவு எடுத்தாகணும்."

செல்போனில் இருந்த பட்டாணியின் அசையாத படத்தை எடுத்துத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார் போட்டோக்காரர். தொண்டையைச் செருமி, கீச்சுக் குரலில், "வாலுக்குட்டி! நான்தான் பட்டாணி வந்திருக்கேன்!" என்றார். குரல் பாதியிலேயே உடைந்து அழுகையாகிவிட்டது.

வாலு படத்தையே உற்றுப் பார்த்தாள். "வாய் அசையலையே" என்றாள். "இது பட்டாணி இல்ல." கண்ணை மூடிக்கொண்டாள்.

செல்போனைக் கீழே வைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, மாமா சொல்றதைக் கேளு. பட்டாணின்னு யாருமே இல்ல. அது பேசினது எல்லாம் மாமா பேசினது. மாத்திரை முழுங்கினா பலம்னு சொன்னதும் மாமாதான். அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னதும் மாமாதான். மாமா தப்பா சொல்லிட்டேன். பொய் சொல்லிட்டேன்."

கண் திறந்தது. "அப்ப, நான் தப்பு பண்ணலையா?"

"நீ ஒரு தப்பும் பண்ணல. எல்லாத் தப்பும் மாமா பண்ணினதுதான். எத்தனை சாப்பிட்ட, சொல்லு தங்கம்."

வாலு யோசித்தாள். அம்மாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒண்ணு, பட்டாணிக்கு ஒண்ணு. அப்புறம் ரொம்பக் கசந்துச்சு. மிச்சத்தையெல்லாம் பட்டாணிக்கே ஊட்டிட்டேன்."

"எங்க ஊட்டின?"

"அதோட வாயில. பெட்டியில. நீதானே காட்டின?"

மருத்துவர் சட்டென்று திரும்பினார். "என்ன பெட்டி? இருக்கான்னு போய்ப் பாருங்க. குழந்தை பேச்சை மட்டும் நம்பி என்னால முடிவெடுக்க முடியாது. ஓடுங்க!"

போட்டோக்காரர் ஓடினார். வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. எதிரே வந்த சைக்கிள்காரர் திட்டியது காதில் விழவில்லை. திறந்து கிடந்த ஸ்டூடியோவுக்குள் புகுந்து, மேசைக்கடியில் குப்புற விழுந்து, பொத்தானை அமுக்கினார். தட்டு கரகரவென்று பாதி வந்து சிக்கிக்கொண்டது. பிடித்து இழுத்தார். உடைந்து கையோடு வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள்; சில எச்சில் பட்டுக் கரைந்திருந்தன. திருப்புளியைத் தேடி எடுத்து, பெட்டியையே பிரித்து, அடியில் உருண்டு கிடந்ததையும் ஒன்று விடாமல் பொறுக்கினார். திரையில் இன்னமும் பட்டாணி தாவிக்கொண்டிருந்தது. "வாயை மூடு சனியனே!" என்று கத்திக்கொண்டே மின்கம்பியைப் பிடுங்கிப் போட்டார். திட்டியது யாரை என்று அவருக்குத் தெரியும்.

அவர் திரும்ப ஓடிவந்து கொட்டிய மாத்திரைகளையும் காலி அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் மருத்துவர். மறுபடியும் வைத்துப் பார்த்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"பெரும்பாலும் வெளியதான் இருக்கு. உள்ள போனது கொஞ்சம்தான். இங்கேயே வச்சுப் பாக்கலாம். ஆனா இதுவே அவளுக்கு அதிகம், இப்பவே எதுவும் சொல்ல மாட்டேன்."

அந்த மத்தியானம் முழுக்க அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கருவி ஒவ்வொரு முறை கத்தும்போதும் தங்கை எழுந்து எழுந்து நின்றாள். அவர் ஒரு தடவை, "என்னை ரெண்டு அடி அடிச்சுடும்மா" என்றார். அவள் உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

வெயில் இறங்கும் நேரத்தில் மருத்துவர் வெளியே வந்து, "தாண்டிட்டா. நாடி நிலைக்கு வந்துடுச்சு. தண்ணி கேக்கறா" என்றார். தங்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போட்டோக்காரர் பெஞ்சிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அழுகை நின்றதும் அவர் செய்த முதல் வேலை, அந்த மருந்துப் படத்தை நீக்கப் போனதுதான். கீழே அன்று வந்திருந்த ஒரு கருத்து கண்ணில் பட்டது: "எங்க வீட்டுக் குட்டிப் பையன் இப்பல்லாம் தானாவே மருந்து டப்பாவை எடுத்துட்டு வர்றான், சூப்பர் பட்டாணி!" பக்கத்தில் கைதட்டும் பொம்மைகள் வேறு. படத்தை நீக்கினார். நீக்கி என்ன பயன்? யார் யாரோ அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். மூலையில் அதே காளான். எடுத்துவிடுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் எழுதினார். ஒருவன் மட்டும் பதில் போட்டான்: "நல்லா ஓடுதே ப்ரோ, எதுக்கு எடுக்கணும்?"

கைபேசியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள் தங்கை. அவளும் அதைப் படித்தாள்.

"எல்லாமே ஓசி ஓசின்னு சொன்னியே அண்ணா. அந்த ஓசிக்கு என் பொண்ணு உயிரையில்ல கேட்டுச்சு? பொம்மைக்கு வாய் வைக்க இன்னிக்கு யாராலும் முடியும். அந்த வாயில வர்ற வார்த்தைக்கு யார் பொறுப்பு? பொம்மையா பொறுப்பு? குழந்தைங்க அதை உயிருன்னு நம்பறாங்க. பேச வைக்கிறவன்தான் பொறுப்பு. முழுசாப் பொறுப்பு!"

"நான்தாம்மா பொறுப்பு" என்றார் அவர். கைபேசியை அவளிடம் நீட்டினார். "என்னை ஒரு படம் எடு. அணில் வேண்டாம். என் மூஞ்சியே இருக்கட்டும்."

அழுது வீங்கிய முகம், கலைந்த தலை, மண்டியிட்டு அழுக்கான வேட்டி. எத்தனையோ பேரை நிமிர்ந்து உட்காருங்கள், சிரியுங்கள் என்று படம் எடுத்தவர், தான் எப்படி நிற்கவேண்டும் என்று தெரியாமல் சுவரில் சாய்ந்து நின்றார்.

"பட்டாணி அணிலைப் பேச வச்சது நான்தான்" என்று தொடங்கினார். "மருந்து முழுங்கினா பலம்னு அது சொன்னதைக் கேட்டு, எங்க வீட்டுக் குழந்தையே இன்னிக்குச் சாவு வரைக்கும் போயிட்டு வந்திருக்கா. தயவுசெஞ்சு அந்தப் படத்தைக் குழந்தைங்களுக்குக் காட்டாதீங்க. உங்க வீட்டு மருந்து டப்பா எங்க இருக்குன்னு இப்பவே எழுந்து போய்ப் பாருங்க. பொம்மை பாத்துக்கும்னு குழந்தையை விட்டுட்டுப் போகாதீங்க. அந்தப் படத்துல கடைசியா ஒரு வரி இருந்துச்சு. நீளமா இருக்குன்னு நான்தான் வெட்டிட்டேன். அம்மா அப்பா கையால கொடுத்தா மட்டும்தான் மருந்து சாப்பிடணும். தானா எடுக்கவே கூடாது. அம்மாகிட்ட எதையும் மறைக்கவும் கூடாது."

தங்கை படத்தை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை அவர் கையில் கொடுத்தாள்.

"போடு அண்ணா. இதையும் நீளம்னு சொல்லி வெட்டிடாத."